ஒயரைப் பிடுங்கியது நான்தான்

ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கையும் நலம், என் இடது கணுக்கால் மட்டும் நலமில்லை. நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் புதன்கிழமை நீ போனில் போட்ட கூச்சலைக் காதால் கேட்டவன் நான், அதை வைத்துச் சொல்கிறேன், உனக்குத் தொண்டையும் நுரையீரலும் நன்றாகத்தான் இருக்கின்றன. மற்ற உறுப்புகளை நீயே பார்த்துக்கொள்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை சாயங்காலம் உன் இன்டர்வியூ நடுவில் இங்கே லைன் போகவில்லை, கரண்டும் போகவில்லை. மோடத்தின் ஒயரைப் பிடுங்கியது நான்தான். சின்னவள் உன்னிடம் லைன் கட்டாகிவிட்டது என்று சொன்னது என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க. அதனால் "உன்னாலதான் என் வாழ்க்கையே போச்சு, ஒரு லைனைக்கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா உனக்கு" என்று நீ அவளிடம் கத்தியது முழுவதும் விலாசம் மாறிப்போன தபால். அதை எடுத்து என் பேருக்குத் திருப்பி அனுப்பு, நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் சொன்னால் நீ பாதியில் கட் பண்ணுவாய். கடிதத்தைப் பாதியில் கீழே வைத்தாலும் மீதி அங்கேயேதான் கிடக்கும். நாளைக் காலை முனைக்கடை ஜெராக்ஸ்காரரிடம் கொடுத்துப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். அந்த மனிதர் கையில் கிடைத்த எதையும் படிக்காமல் விடமாட்டார், எழுத்துப் பிழையும் திருத்துவார். அதனால் உனக்காக யோசித்து வைத்திருந்த நாலைந்து வார்த்தைகளை எடுத்துவிட்டேன். எங்கெங்கே என்று நீயே ஊகித்துக்கொள்.

நான் புதன்கிழமை வீட்டில் இருந்ததே எதிர்பாராதது. முப்பது வருஷமாக லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று பதினாலு மாடி ஆழத்துக்கு மேலே கிரீஸ் போட்ட மனிதன், குளியலறை வாசல் மிதியடியில் வழுக்கி விழுந்தான். டாக்டர் என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். "அடடா, மேலேர்ந்து விழுந்தீங்களா" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். மிதியடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அந்த மரியாதைக்குக் கூடுதலாக இரண்டு சுற்றுக் கட்டுப் போட்டு, ஒரு வாரம் அசையக்கூடாது என்று அனுப்பிவிட்டார். ஆக வேலைவெட்டி இல்லாமல் கிடந்தவன், போன் சார்ஜர் கேட்கலாம் என்று நொண்டிக்கொண்டே சின்னவள் அறைக்குப் போனேன். அவள் ஆபீஸிலிருந்து வந்த உடுப்பைக்கூட மாற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து லேப்டாப்பில் மூச்சுவிடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். ஹெட்போனில் ஒரு காது வேலை செய்யாததால் ஸ்பீக்கரை மெல்ல வைத்திருந்தாள், அதில் உன் குரல். அண்ணனும் தங்கையும் ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் திரையில் அவள் அடிக்கிற வரி, இரண்டு மூச்சு தள்ளி உன் வாயிலிருந்து வருகிறது. அவள் தப்பாக அடித்து அழித்தால் நீ இருமுகிறாய். உங்கள் பேச்சில் பாதிக்குப் பாதிதான் எனக்குப் புரிந்தது, இருமல் மட்டும் முழுதாகப் புரிந்தது. கேள்வி கேட்கிறவர் நடுவில் ஏதோ ஒன்றை மாற்றி, இப்படி இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். நீ இருமினாய். இவள் அடித்ததையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்கிறாள். என்னைப் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்து, "அப்பா, பத்தே நிமிஷம்பா" என்று வாயசைத்தாள்.

வெளியே வந்தேன். உன் அம்மா கூடத்தில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டேன். "மெதுவாப் பேசுங்க, பெரியவனுக்குப் பரீட்சை" என்றாள். "பரீட்சை அவனுக்குன்னா இவ எதுக்கு எழுதறா" என்று கேட்டேன். "இவ கூட இருந்தா அவனுக்கு ஒரு தைரியம்" என்றாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் முணுமுணுத்துக்கொண்டு போய்ப் படுத்திருப்பேன், நான் அவ்வளவு வீரன் இல்லை என்பது உனக்கே தெரியும். ஆனால் உன் அம்மா ஒரு தலையணை உறையை உதறிக்கொண்டே, வானிலை சொல்கிறமாதிரிச் சொன்னாள், "பாவம், இவளையும் அந்தக் கம்பெனியில இன்னைக்கு இதே நேரத்துக்குத்தான் கூப்பிட்டிருந்தாங்க. வர முடியாதுன்னு எழுதிப் போட்டுட்டா."

எந்தக் கம்பெனி என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ, தெரியாதென்றால் அது ஒரு வெட்கம், தெரியும் என்றால் அதைவிடப் பெரிய வெட்கம். ஆம்புலன்ஸ்களுக்கு எந்தத் தெருவில் போனால் சீக்கிரம் போகலாம் என்று வழி சொல்கிற சாஃப்ட்வேர் செய்கிறவர்கள். இரண்டு வருஷமாக அவர்கள் ஆள் எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எழுத்துத் தேர்வு எழுதியவர்கள் எண்ணூறு பேர், கடைசி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது பதினோரு பேரை. அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி, உன் அறை மேஜையில் கிடக்கிற போனுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, உனக்கு வரி வரியாக ஊட்டிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டதும்தான் எழுந்துபோய் ஒயரைப் பிடுங்கினேன். அதையும் ஒழுங்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. டிவிக்குப் பின்னால் இருக்கிற சிக்கலில் முதலில் பிடுங்கியது டிவியை, இரண்டாவது உன் அம்மாவின் இஸ்திரிப்பெட்டியை. மூன்றாவதுதான் மோடம். லைசென்ஸ் வைத்திருக்கிற எலக்ட்ரிகல் ஆள் நான். சின்னவள் அறையிலிருந்து வந்தாள், என் கையில் தொங்கின ஒயரைப் பார்த்தாள். அதை என் கையிலிருந்து வாங்கி இருந்த இடத்திலேயே செருகினாள். அதற்குள் உன் போன் வந்துவிட்டது.

இப்போது என் பங்குக்கு நான் கத்துகிறேன், உட்கார்ந்து கேள். மூன்று மாதமாக அவளுடைய ஒவ்வொரு சாயங்காலத்தையும் நீ வாங்கிக்கொண்டாய். ஆபீஸில் எட்டு மணி நேரம் கடைகளுக்கான பில் சாஃப்ட்வேரில் தலையைக் கொடுத்துவிட்டு வந்து, உன் நேரத்துக்கு உனக்குப் பாடம் எடுத்தாள். பயிற்சி என்று கேட்டாய், கொடுத்தாள், அதில் தப்பில்லை, கூடப்பிறந்தவள் வேறு எதற்கு. ஆனால் நீ என்ன பயிற்சி செய்தாய். நானூறு கேள்விக்கு நானூறு விடை உருப்போட்டாய். குளிக்கும்போதுகூட ஒப்பிக்கிறான் என்று உன் அம்மா பெருமைப்பட்டாள். ஒப்பித்தது வராதபோது அவளையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாய். முதல் சுற்று அவள், இரண்டாவது சுற்று அவள், இது மூன்றாவது. அந்தக் கம்பெனிக்காரர்கள் வேலைக்கு எடுக்க நினைக்கிற ஆள் நீ இல்லை, உன் தங்கை. அவர்களுக்கு அது தெரியாது, உனக்குத் தெரியும். தெரிந்தும் சம்பளக் கணக்கில் உன் பேரைப் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தாய். சரி, வேலை கிடைத்தது என்றே வைத்துக்கொள். முதல் நாள் மேலதிகாரி வந்து பக்கத்தில் நின்று, இது ஏன் ஓடவில்லை என்று கேட்பார். எத்தனை தடவை இருமுவாய்.

எனக்கு என்ன தெரியும் என்று நீ கேட்பாய். பத்தாவதில் இரண்டு முயற்சியில் தேறியவனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாதுதான். ஆனால் உன் பாடத்தில் ஒரே ஒரு பக்கம் எனக்கும் தெரியும், அதைச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். எங்கள் ஆபீஸ் கட்டடத்தில் பதினாலு மாடி, பதினாலு கதவு. ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்னப் பூட்டு, பதினாலையும் கோர்த்து ஒரே வரிசையாக ஒயர் போகும். ஒரு பூட்டு ஒட்டவில்லை என்றாலும் லிஃப்ட் நகராது, எந்தப் பூட்டு என்றும் சொல்லாது. நான் முப்பது வருஷமாகக் கீழ் மாடியிலிருந்து ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே மேலே ஏறுவேன், பழுது எப்போதும் பதின்மூன்றில்தான் இருக்கும், அது என் ஜாதகம். நாலு மாதத்துக்கு முன்னால் இப்படி முழங்கால் வலியோடு வந்து புலம்பியபோது சின்னவள் கேட்டாள், "ஏம்பா கீழேர்ந்து வர்றீங்க, நேரா ஏழாவது மாடியில கரண்ட் வருதான்னு பாருங்களேன். வந்தா கீழ இருக்கற ஏழும் சரி. மேல பாதியில மறுபடி நடுவுல பாருங்க. நாலு தடவைக்கு மேல போகாது." நான் விட்டேனா, எனக்கும் கொஞ்சம் வீம்பு உண்டு, "ரெண்டு கதவு ஒண்ணாப் போயிருந்தா என்ன பண்ணுவ" என்று மடக்கினேன். அவள் முகம் மலர்ந்துபோயிற்று. பென்சிலை எடுத்துக் கோடு போட்டுக் கொஞ்ச நேரம் யோசித்து, "அப்பவும் முதல்ல அறுந்தது கிடைச்சுடும்பா, அதைச் சரிபண்ணிட்டு மறுபடி முதல்லேர்ந்து பாதி பாதியாப் பாக்கணும். இன்டர்வியூல இப்படித்தான் நடுவுல மாத்திக் கேப்பாங்க, நீங்க நல்லாவே கேக்கறீங்க" என்றாள். மறுவாரம் நாலாவது சோதனையில் பழுதைப் பிடித்தேன். கூட வந்த உதவியாள் என்னை வாத்தியாரைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தான், நானும் பிறவியிலேயே தெரிந்தவன்மாதிரி கரண்ட் பார்க்கிற மீட்டரைப் பையில் செருகிக்கொண்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவளிடம் விடை இல்லை, வழி இருக்கிறது. நீ அவளிடம் விடையை மட்டும் வாங்கினாய்.

வாயால் சொல்லிச் சொல்லி வேலை பார்ப்பது என்ன லட்சணம் என்று எனக்கு அனுபவமே உண்டு, இதுவரை உங்களில் யாருக்கும் சொன்னதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த மெக்கானிக் இருந்தார், எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவோம், கல்யாண வீட்டுக்குக்கூடச் சட்டைப்பையில் மீட்டரோடுதான் வருவார். இரண்டு வருஷம் அவர் பக்கத்தில் நின்று அதை மாற்று என்றால் மாற்றினேன், இதைத் திருகு என்றால் திருகினேன். மேலிடத்தில் நான் கெட்டிக்காரன் என்று பேர். அவரை வேறு கிளைக்கு மாற்றின மூன்றாவது நாள், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஐந்து பேரோடு கூண்டு நின்றுவிட்டது. நான் மேலே ஓடிப்போய் பேனலைத் திறந்தேன், அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். அவர் வீட்டுக்குப் போன் செய்தால் பஸ்ஸில் போயிருக்கிறார், இறங்கினதும் சொல்கிறோம் என்றார்கள். ஒரு மணி நேரம் நாற்பது நிமிஷம். பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் கூண்டு மாடி மட்டத்துக்கு வந்துவிடும், வாட்ச்மேனுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவரே செய்வார். அது எனக்கு அத்தனை நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது, ஏனென்றால் யாரும் சுற்று என்று சொல்லவில்லை. வெளியே வந்த ஐந்து பேரில் ஒருவர் கணக்குப் பிரிவு அம்மா. என்னை லிஃப்ட் பக்கத்தில் பார்த்தால் பணி ஓய்வு பெறும் நாள்வரை படியில்தான் ஏறினார், ஒரு வார்த்தை திட்டினதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உன் நிலைமை தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதே. ஒரே நாளில் நாற்பது பேரோடு உன்னையும் வெளியே அனுப்பினார்கள், நாலு மாதமாகத் தேடுகிறாய், வெளிநாட்டில் ஒரு அறையில் மூன்று பேராக இருக்கிறாய், எல்லாம் தெரியும். அதற்கு நான் வருத்தப்படுகிற நேரம் தனி, இது வேறு நேரம். இரண்டையும் கலந்து பூசி மெழுகுவதற்கு உன் அம்மா இருக்கிறாள். அவள் புதன்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே எனக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது.

இனிமேல்தான் கடிதமே இருக்கிறது, ஜெராக்ஸ்காரரும் இங்கே கவனமாகப் படிக்கட்டும். வியாழக்கிழமை சின்னவள் அந்த ஆம்புலன்ஸ் கம்பெனிக்கு மறுபடி எழுதினாள். உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் என்றெல்லாம் கதை கட்டவில்லை. நான்தான் தப்பாக முடிவு செய்தேன், அரை மணி நேரம் காலியாக இருந்தாலும் கூப்பிடுங்கள் என்று மட்டும் எழுதினாள். அவர்கள் அரை மணி இல்லை, ஒரு மணி நேரமே கொடுத்திருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி, அவள் ஆபீஸ் விட்டு வந்த பிறகு. வருவதாக இருந்தால் வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்குள் உறுதிப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும், மூன்றாவது தடவை கிடையாது. நேற்று உன் செய்தி வந்தது. உன் பக்கம் லைன் போய்விட்டது என்று நீ சொன்னதை நம்பி உன் ஆட்களும் உனக்கு மறுபடி நேரம் கொடுத்திருக்கிறார்களாம், உன்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்களாம். நீ தேர்ந்தெடுத்தது வெள்ளி, எங்கள் ஆறு மணி, ஏனென்றால் அவளுக்கு ஆபீஸ் விடுகிற நேரம். "வெள்ளி ஆறுக்கு ரெடியா இரு, இந்தத் தடவையாவது லைனைச் செக் பண்ணிக்கோ." எப்படி இருக்கிறாய் என்றுகூட இல்லை.

அவள் உனக்கு இன்னும் பதில் போடவில்லை, தன் விஷயத்தை உன்னிடம் சொல்லவும் இல்லை, சொல்லவும் மாட்டாள். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீ உன்னோடதுக்குப் போ, அவனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். "நீங்க சொன்னா ஆச்சாப்பா" என்றாள். கோபத்தோடு இல்லை, உள்ளதைச் சொல்கிறமாதிரி. அப்புறம் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், "அண்ணன் தன் வாயால வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா போறேன்மா. அவன் சொல்லாம என்னால அங்க உக்காந்து யோசிக்க முடியாது. அவன் தனியா இருக்கான்." நீ கத்தினதற்குப் பிறகும் இப்படிச் சொல்கிறாள். எனக்கு இதில் உன்மேல் வந்த கோபத்தைவிட அவள்மேல் வந்த கோபம் அதிகம், ஆனால் அவளைத் திட்ட எனக்கு வாய் எழவில்லை. அதனால் அவளுடையதையும் சேர்த்து நீயே வாங்கிக்கொள்.

ஆகவே நான் மறுபடி எந்த ஒயரைப் பிடுங்கினாலும் பிரயோஜனமில்லை. லைன் இருந்தால் உனக்காக உட்காருவாள், லைன் இல்லாவிட்டால் உனக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு தன்னுடையதைக் கெடுத்துக்கொள்வாள். இதில் என் கையில் ஒன்றுமில்லை, உன் கையில்தான் இருக்கிறது. நீ அவளிடம் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அதற்கு உனக்கு இன்னும் நாலைந்து வருஷம் பிடிக்கும். காரணமும் கேட்காதே, இந்தக் கடிதத்தைப் பற்றியும் மூச்சுவிடாதே. வெள்ளிக்கிழமை நீ வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி அனுப்பு. அதை மெய்யாகச் சொல். எனக்கு விடை வரவில்லை என்றால் எப்படி என்று பின்னால் ஒரு வாலைக் கட்டாதே, உன் வாலைப் பார்த்தாலே அவள் ஓடிவந்துவிடுவாள்.

அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை நீ தனியாகப் போய் உட்கார். கட்டிலில் உட்காராதே, நாற்காலியில் உட்கார், தலையை வாரிக்கொள், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள். தெரிந்ததைச் சொல். தெரியாததைக் கேட்டால், தெரியவில்லை, யோசித்துப் பார்க்கிறேன் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டு அவர்கள் முன்னாலேயே யோசி. தோற்றாலும் தோற்றுப்போ, அது உன் சொந்தத் தோல்வியாக இருக்கும், அதோடு இங்கே வந்து நின்றாலும் வீட்டில் உனக்கு இடம் உண்டு, கதவைத் திறப்பவன் நானாகத்தான் இருப்பேன். அவள் வாய்ப்பை விழுங்கிவிட்டு வேலையோடு வந்தாய் என்றால் அப்போதும் கதவைத் திறப்பேன், பெற்றுவிட்டேனே, வேறு வழி. ஆனால் உட்கார் என்று சொல்லமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, பல் வலி என்றாயே அதைக் காட்டிவிட்டாயா. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் இரண்டு காலில் நின்று நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு ஆசியும் என்னிடம் இப்போது கைவசம் இல்லை. அவள் போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறாள், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பிப் பார்க்கிறாள். மறந்துவிடாதே, வியாழன் ஆறு மணிக்குள். உன் கடிகாரத்தில் இல்லை, எங்கள் கடிகாரத்தில். இது உத்தரவு. உத்தரவு போட எனக்குத் தகுதியில்லை என்று நினைத்தால், கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள், ஆனால் அனுப்பிவிடு.

இப்படிக்கு,
இப்போதைக்கு உன்மேல் கோபமாகவே இருக்கிற
உன் அப்பா